ஒற்றை விசிலுக்கு நின்ற மீன்

அந்த மீனைச் சுட்டது டிரைவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் நானே சுட்டதாக உங்களை நம்பவைத்துவிடுவேன். எனக்கு அந்தத் திறமை உண்டு. நான் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஒரு மைதானமே காலியா கெடக்கு" என்று நான் சொன்னால், ஜன்னல் கம்பியோடு கம்பியாக ஒட்டியிருப்பவர்கூட ஒரு கணம் கழுத்தைத் திருப்பி அந்த மைதானத்தைத் தேடுவார்.

அடுத்து என் விசில். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். இதைவிடத் தெளிவான மொழியை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் ஒற்றை விசிலுக்கு எங்கள் பஸ் மட்டுமா நின்றது? எதிரே வந்த கல்யாண ஊர்வலம் நின்றிருக்கிறது. மேலே பறந்த காக்கைக் கூட்டம் நின்றிருக்கிறது. ஒரு தடவை மழைகூட… இந்த இடத்தில் என் வீட்டுக்காரி "ஏங்க, போதும்" என்பாள். சரி, மழையை விட்டுவிடுகிறேன்.

டிரைவர் வண்டியை ஓட்டினார், நான் டிரைவரை ஓட்டினேன். அப்படித்தான் எங்கள் உத்தியோகக் காலம் முழுவதும் ஓடியது. அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பின்னால் ஆள் ஏறியாயிற்றா, இறங்கியாயிற்றா, படியில் யார் தொங்குகிறார்கள், எதுவும் அவர் கவலை இல்லை. என் விசில் அவர் காதில் விழும், அவர் கால் கிளட்சில் விழும். என் முகத்தைவிட என் விசிலைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னால் அதில் துளி மிகை இல்லை.

அவர் காது சாதாரணக் காது அல்ல. டிப்போவில் அத்தனை வண்டிகளும் உறுமிக்கொண்டிருக்கும்போது இவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டே, "அந்த மூலை வண்டியில காத்து போகுது" என்பார். பஸ் பிரேக் காற்றின் பலத்தில்தான் பிடிக்கும். எங்கேயாவது ஊசிமுனை ஓட்டை விழுந்து காற்று கசிந்தால் பிரேக் பிடிக்காது. மெக்கானிக் டார்ச் அடித்துத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரிப்பான். டிரைவர் எழுந்து போய், பேண்ட்டைக்கூட அழுக்காக்காமல் குனிந்து, சரியாக அந்த ஓட்டையில் விரலை வைப்பார். நாங்கள் கைதட்டியதில் டிப்போக் கூரைத் தகரம் ஒன்று கழன்று விழுந்தது.

ஆனால் மூக்கு? மூக்கு அவர் முகத்தில் ஒரு அலங்காரம், அவ்வளவுதான். டீசல் புகை தின்றுவிட்டது என்று அவர் சொல்வார். ஒரு பழைய காய்ச்சலோடு போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். எப்படியோ, மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவருக்கு ஒன்றுதான். "அதனாலதான் உங்க கான்வாஸ் ஷூ பக்கத்துல இத்தன வருஷம் உயிரோட உக்காந்திருந்தாரு" என்பாள் என் வீட்டுக்காரி.

இந்த மூக்கினால்தான் வில்லங்கம் வந்தது.

டிரைவரின் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் தனிக்கட்டை. சமையல் என்றால் ரொட்டி, வாழைப்பழம், மறுபடி ரொட்டி. எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் கௌரவம் இடிக்கும். அவருக்கு ஒரே மகள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். வீடளவு பெருத்த இரும்புப் பெட்டிகளை முட்டையைப் போல எடுத்து, முட்டையைப் போல இறக்கி வைக்கிறவள். நாங்கள் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பனைக் கேட்காமல் வீட்டோடு அலக்காகத் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியும். மரியாதைக்காகத்தான் கேட்டாள்.

போன முறை அவள் வந்தபோது, அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கரிக்கட்டையாகி, வீடு முழுவதும் புகை. அப்பா அடுத்த அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பால் சத்தம் போடாமல் தீயும் ஜாதி, அவர் என்ன செய்வார்? ஆனால் பாப்பா பயந்துவிட்டாள். "இது பால். நாளைக்கு கேஸா இருந்தா? என்கூட வந்துடுங்கப்பா" என்றாள்.

அவள் வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில், வானத்துக்குக் கொஞ்சம் கீழே, ஏதோ ஒரு மாடியில் இருக்கிறது. அங்கே மேகம் வந்து கதவைத் தட்டும். பஸ் சத்தம் மட்டும் வராது. டிரைவரின் வீடோ பஸ்கள் திரும்பும் முனையில் முதல் மாடியில். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டே, "இவன் செகண்ட் கியர்ல பல்ல நறநறன்னு கடிக்கிறான். புதுப் பையன்" என்பார். "இந்த வண்டிக்கு பின் டயர் ஒண்ணு மாத்தணும்" என்பார். அதுதான் அவர் ரேடியோ, அவர் கச்சேரி, அவர் நண்பர்கள் கூட்டம். அதிலிருந்து அவரைப் பிடுங்கினால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். பாப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் அவளும் உடனே பெட்டியைக் கட்டவில்லை.

ஒரு சாயங்காலம் நான் அவர் வீட்டில் இருந்தபோது பாப்பா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, என்ன சாப்ட்டீங்க?"

டிரைவர் விழித்தார். பழம் என்று சொன்னால் திட்டு விழும். நான் எதிரே உட்கார்ந்து சைகை காட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தட்டையாகக் காட்டினேன். ரொட்டி, நடுவில் ஏதோ வைத்த ரொட்டி, அதைச் சொல்லுங்கள் என்று அர்த்தம். குழந்தைக்குப் புரியும். ஆனால் இவர் வாழ்நாள் முழுவதும் என் சைகையைத் திரும்பிப் பார்க்காத மனுஷர்.

"மீன்" என்றார். "மீன் சுட்டேன்."

"எங்க சுட்டீங்க? மீன்காரம்மா பாக்கலயா?"

"அடியே, அடுப்புல சுட்டேன்! நெருப்புல!"

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக முஷ்டியை இறுக்கிப் பிசைந்தேன். அதையும் அவர் கவனித்தார். கவனிக்காத மனுஷர் அன்று பார்த்து எல்லாவற்றையும் கவனித்தார்.

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சு" என்றார். "சாறு… சாறெல்லாம் ஊத்தி."

போனில் கிரேன் ஒன்று பெட்டியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"சரிப்பா" என்றாள் பாப்பா. "ஞாயித்துக்கிழம வரேன். என் கண்ணு முன்னாடி அதே மாதிரி சுட்டுக் குடுங்க. யாரும் ஒதவக் கூடாது. நல்லபடியா சுட்டுட்டா நீங்க இங்கயே இருங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா பெட்டியக் கட்டணும். சம்மதமா?"

"சம்மதம். இதென்ன பெரிய இது" என்றார் டிரைவர், ஏதோ தினமும் திமிங்கலம் சுடுகிறவர் மாதிரி.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "யோவ், மீன எப்படிய்யா சுடறது?"

எனக்கு எப்படித் தெரியும்? நேராக என் வீட்டுக்காரியிடம் போனேன். அவள் சிரித்து முடிக்கவே அரைமணி ஆயிற்று. பிறகு வரிவரியாக மேடுபள்ளம் வைத்த ஒரு கனத்த இரும்புச் சட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். கை ஒரு சாண் கீழே இறங்கியது.

"நல்லா கேட்டுக்குங்க. மீன்ல ஈரமே இருக்கக் கூடாது, துணியால ஒத்தி எடுக்கணும். ரெண்டு பக்கமும் சாய்வா கீறணும். உப்பு, மிளகு. எண்ணெய மீன்ல தடவணும், சட்டியில ஊத்தக் கூடாது. சட்டி நல்லா சுட்டப்புறம் மீன வைக்கணும். வெச்சா தொடக் கூடாது. வேகாத மீன் ஒட்டிக்கும். வெந்தா அதுவா விடும். அதுக்குள்ள கரண்டிய விட்டுக் கிளறினீங்க, தோலு சட்டிக்கு, சதை உங்களுக்கு."

"சாறு?"

"ஆரஞ்சுச் சாறு பாதியா சுண்டணும், கூட பூண்டு தட்டிப் போடணும். அடுப்ப அணைச்சப்புறம் எலுமிச்சை பிழிஞ்சு, கொஞ்சம் வெண்ணெய். எலுமிச்சைய கொதிக்க விட்டா கசக்கும். அவ்வளவுதான். ஏங்க, இதுல எது எப்போன்னு மூக்குதானே சொல்லும்? அவருக்குத்தான் மூக்கே இல்லயே?"

"எனக்கு இருக்கே" என்றேன்.

இப்படித்தான் என் மகத்தான திட்டம் பிறந்தது. டிரைவர் அடுப்படியில் நிற்பார். நான் பின்னால், கூடத்தில், அதாவது எங்கள் பழைய இடத்தில். அவருடைய சமையலறையும் பஸ்ஸின் டிரைவர் சீட் அளவுதான். என் தொப்பை உள்ளே போனால் மீன் வெளியே வரவேண்டும். வாசனை பிடிப்பது என் வேலை. இரண்டு விசில் அடித்தால் மீனைத் திருப்ப வேண்டும். ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், அடுப்பு அணைந்துவிட வேண்டும். டிரைவருக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. "ஆமாய்யா, இப்படிச் சொன்னா புரியுது" என்றார். முதல் ஒத்திகைக்கு ஒரு கொடுவா மீன் வாங்கினோம். அது என் முழங்கை நீளம். என் வீட்டுக்காரி பக்கத்தில் இல்லாததால் தோள் நீளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டி காய்ந்தது. மீன் விழுந்தது. 'சொர்ர்' என்றது. அருமையான சத்தம். நான் கூடத்தில் கண்ணை மூடி மூக்கை விடைத்துக்கொண்டு விசிலை வாயில் வைத்தேன். இன்னும் நேரமிருந்தது. பச்சை வாசனைதான் வந்துகொண்டிருந்தது.

உய்ங்ங்.

நான் அடிக்கவில்லை. சத்தியமாக நான் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் அடித்தது.

டிரைவர் டக்கென்று அடுப்பை அணைத்தார்.

"யோவ், அது குக்கருய்யா!"

"ஒரு விசில். நிறுத்திட்டேன். எனக்கென்ன தெரியும் யார் அடிச்சான்னு? நான் என்னிக்கு திரும்பிப் பாத்தேன்?"

மீன் பாதி உயிரோடு எங்களைப் பார்த்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி குக்கர். மறுபடி அணைத்தார். பக்கத்து வீட்டில் என்ன வேகவைத்தார்களோ, பாறாங்கல்லாகத்தான் இருக்கவேண்டும், குக்கர் ஓயவே இல்லை. எங்கள் மீன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போகும் டவுன் பஸ் மாதிரி வெந்தது. கடைசியில் அதை மீன் என்று பூனை மட்டும்தான் ஒப்புக்கொண்டது.

அடுத்த ஒத்திகையில் குக்கர் அடுத்தடுத்து இரண்டு அடித்தது. டிரைவர் பச்சை மீனைத் திருப்பினார். தோல் சட்டிக்கு, சதை எங்களுக்கு. அதற்கடுத்ததில், குக்கரை நம்பக்கூடாது என்று அவர் வைராக்கியமாக இருந்தபோது நான் அடித்ததையும் குக்கர் என்று நினைத்துவிட்டார். அந்த மீனைக் கொண்டு சுவரில் கோடு போடலாம், அவ்வளவு கரி. அந்த வாரம் எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் புலிகளாக மாறின. ஒன்று என்னைப் பார்த்து உறுமியது.

"பெட்டிய எடுத்து தூசி தட்டி வெச்சுட்டேன்" என்றார் டிரைவர். சொல்லும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே ஏதோ ஒரு வண்டி முனை திரும்பியது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்குச் சுருக்கென்றது.

"இன்னும் ஒரு தடவ" என்றேன். "ஒரே ஒரு தடவ."

அன்றைக்குச் சாறு முதலில் காய்ச்சிவிட்டோம். நான் ஒரு கரண்டி ருசி பார்த்தேன். இரண்டாவது கரண்டியும் பார்த்தேன், முதல் கரண்டியைச் சரிபார்க்க. பிறகு மீன் ஏறியது. சொர்ர் என்றது. நான் பின்னால் போய் நின்றேன். வாசனை மாறியது. வறுபட்ட, தித்திப்பான அந்த வாசனை, அதேதான். விசிலை வாயில் வைத்து ஊதினேன்.

புஸ்.

மறுபடி ஊதினேன். புஸ். என் வாயிலிருந்த எலுமிச்சை விதை ஒன்று விசிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது! வாழ்க்கையில் என் விசில் காலை வாரியது அந்த ஒரு தடவைதான். கண் பிதுங்க ஊதுகிறேன், காற்றுதான் வருகிறது. கத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கண்டக்டர் கையில் விசில் இருக்கும்போது கத்துவானா? போச்சு, மீன் கரி என்று அடுப்படிக்கு ஓடினேன்.

டிரைவர் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். தங்க நிறத்தில், அழகாக, கோடு கோடாக, தோல் கிழியாமல் புரண்டு படுத்தது.

"யோவ், நான் விசிலே அடிக்கலயே!"

"அடிக்கலயா?" அவருக்கே ஆச்சரியம். மீனையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி மேடு ஏறி முடிச்சிடுச்சுய்யா. அதான் திருப்பிட்டேன்."

"எந்த வண்டி?"

"இதான். கேளு." சட்டியின் பக்கம் தலையைச் சாய்த்தார். "இப்ப பட்பட்னு கத்துதா? தண்ணி இருக்கு. முக்கிக்கிட்டு மேடு ஏறுற மாதிரி. தண்ணி போனதும் கத்தறது அடங்கும். சமதரைக்கு வந்த இன்ஜின் மாதிரி ஒரே சீரா 'ம்ம்ம்'னு வரும். அப்ப கியர மாத்தணும். இவ்வளவு நேரம் உன் விசிலையும் அந்தக் குக்கரையும் கேட்டுக்கிட்டு இருந்ததுல மீனு பேசறத கேக்கலய்யா நான்."

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். எனக்கு எண்ணெய்ச் சத்தம்தான் கேட்டது. அவர் முகத்தில் மட்டும் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் "வந்துடுச்சு" என்று அடுப்பை அணைத்தார். நாங்கள் இருவரும் நின்றபடியே அந்த மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றோம். பூனைகள் அன்று பட்டினி.

எனக்கு ஒரு பக்கம் பெருமை பொங்கியது. இன்னொரு பக்கம், என் விசிலுக்கு வேலை போய்விட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டே அதிலிருந்த விதையைக் குத்தி எடுத்தேன். இருந்தாலும் ஓய்ந்து உட்காரவில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மதியம் குக்கர் வைக்க வேண்டாம், ஒரு மனுஷரின் வாழ்க்கைப் பிரச்சினை என்று கேட்டுக்கொண்டேன். "அப்ப எப்ப வைக்கலாம்?" என்றார் அந்த அம்மா. "ரெண்டு விசில் கேட்டா வையுங்க. அதுவரைக்கும் தொடாதீங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தாள். படியில் அவள் பூட்ஸ் ஏறிய சத்தத்திலேயே டிரைவர், "மூட் சரியில்ல. எடது கால அழுத்தி வெக்கிறா" என்றார். உள்ளே வந்ததும் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பழைய அடுப்பு அது. திருகுகள் தேய்ந்து, துணி பட்டால்கூடத் திரும்பிக்கொள்ளும். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"குடுங்க மாமா."

"எதம்மா?"

"விசில. எனக்குத் தெரியாதா உங்களப் பத்தி? நானும் கீழ நிக்கறவன் சிக்னல பாத்துதான் பெட்டி எறக்கறேன்."

கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள். "இப்ப போய் அந்த நாற்காலியில உக்காருங்க. இருமக்கூடக் கூடாது."

இருமாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாப்பா சமையலறை நிலையில் சாய்ந்து கைகட்டி நின்றாள். டிரைவர் மீனைத் துடைத்தார். கீறினார். ஸ்டியரிங்குக்கு எண்ணெய் போடுவது போல ஒரு இடம் விடாமல் தடவினார். ஆரஞ்சுச் சாறு ஒரு பக்கம் சுண்டியது. அதையும் காதால்தான் பார்த்தார். முதலில் சலசலவென்று கொதித்தது, கெட்டியானதும் குமிழி பெருத்துச் சத்தம் தடித்தது. "போதும்" என்று இறக்கிவைத்தார். எலுமிச்சையை அதன் பிறகுதான் பிழிந்தார். மீன் சட்டியில் விழுந்ததும் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா, கண்ண மூடிக்கிட்டு என்ன பண்றீங்க?"

"ஷ்ஷ். மேடு ஏறுது."

பாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அவளும் கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்தாள். அப்பனும் மகளும் ஒரே கோணத்தில் ஒரே பக்கம் தலை சாய்த்து, ஒரு மீனைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதை மட்டும் ஒரு போட்டோ எடுத்திருந்தால் இன்று உலகம் முழுவதும் காலண்டரில் தொங்கியிருக்கும்.

சத்தம் அடங்கியது. "இப்ப" என்று பாப்பாவின் உதடு அசைந்தது. அதே கணத்தில் டிரைவர் மீனைத் திருப்பினார்.

தட்டு மேசைக்கு வந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு பக்கத்தில், மீன் நடுவில், கோடு போட்ட சட்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி. "சாற மறந்துட்டேன்" என்று டிரைவர் எழப்போனார். நான் முந்திக்கொண்டேன். எனக்கும் ஒரு பங்கு வேண்டாமா? சமையலறைக்குள் என்னைத் திணித்துக்கொண்டு, அடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்த பாத்திரத்தை எட்டி எடுத்தேன். ஒரு விரல் ருசியும் பார்த்தேன். பூனை நுழையாமலிருக்கக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன்.

பாப்பா மீனின் மேல் சாற்றை ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். டிரைவர் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்குப்பா" என்றாள். "நெசமாவே நல்லா இருக்கு. உள்ள பூ மாதிரி வெந்திருக்கு. நீங்க பொய் சொல்றீங்கன்னுதான் நெனச்சேன்."

நான் நாற்காலியில் துள்ளினேன்.

"ஆனா…"

அந்த 'ஆனா' எங்கள் இருவர் நெஞ்சிலும் பிரேக் போட்டது.

"நான் வாக்கு குடுத்துட்டேன், அத மீற மாட்டேன். ஆனா மனசு கேக்கலப்பா. மீனு சத்தம் போடுது, சரி. ஒரு நாள் கேஸ் கசிஞ்சா? உங்களுக்கு வாசனையே தெரியாது. நான் அங்க அவ்வளவு ஒயரத்துல ஒக்காந்துக்கிட்டு தெனமும் இதையே நெனச்சிட்டு இருக்கணுமா? கை நடுங்கினா பெட்டி கீழ விழும்பா. நீங்களா சொல்லுங்க, வரேன்னு."

டிரைவர் தட்டைப் பார்த்தார். அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மகளுக்காகச் சரி என்று சொல்லிவிடப்போகிறார் என்று தோன்றியது. வாயையும் திறந்தார்.

வாய் திறந்தபடியே நின்றது. தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"காத்து போகுது" என்றார்.

"என்னப்பா?"

"எங்கயோ காத்து போகுது. பேசாத."

நான் மூக்கை உறிஞ்சினேன். ஆரஞ்சு, பூண்டு, வெண்ணெய். சொர்க்க வாசனை. பாப்பாவும் உறிஞ்சினாள், உதட்டைப் பிதுக்கினாள். கீழே ஒரு பஸ் வேறு உறுமிக்கொண்டு முனை திரும்பியது. எனக்கு அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் அதற்குள் எழுந்து போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளியிருந்தார். பின்னாலேயே போன பாப்பாவின் கை பழக்கத்தில் லைட் சுவிட்சுக்கு நீண்டது.

"தொடாத!" என்றார். டிப்போ முழுவதும் கேட்கும் அந்தப் பழைய குரல். "சுவிட்ச்ச தொடாத. அங்கயே நில்லு."

குனிந்தார். இரண்டாவது அடுப்பின் திருகு லேசாகத் திரும்பியிருந்தது. மேலே நெருப்பில்லை. திருகை மூடினார், சிலிண்டரை மூடினார், ஜன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். அப்போதுதான், கதவருகே நின்ற எங்கள் மூக்குக்கு அந்த வாடை மெல்ல வந்து சேர்ந்தது. மூக்கு உள்ள இரண்டு பேரும் மூக்கில்லாதவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிரேக்ல காத்து போற அதே சத்தம்தான்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. "கொஞ்சம் மெலிசு. நான் கடைசியா அணைச்சது அந்த அடுப்பு இல்லயே. யார் தெறந்தா?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என் தொப்பையைப் பார்த்தார்கள்.

சாற்றுப் பாத்திரத்தை எட்டி எடுத்தபோது தொப்பை அடுப்புத் திருகில் சாய்ந்திருக்கவேண்டும். வீட்டில் ரேடியோவையும் அது இப்படித்தான் அடிக்கடி நிறுத்திவிடும். என் வீட்டுக்காரி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பாப்பாவுக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ் திரும்பற சத்தத்துல… கதவு வேற சாத்தியிருக்கு… அது எப்படிப்பா கேட்டுச்சு உங்களுக்கு?"

"அதென்ன கேள்வி? உனக்கு எப்படி 'இப்ப திருப்பணும்'னு கேட்டுச்சு? நீ முணுமுணுத்தது என் காதுல விழலன்னு நெனச்சியா? எம் பொண்ணு கிரேன் ஓட்டுறவ. காது எங்கேருந்து வந்துச்சாம்?" என்றார் டிரைவர். நெஞ்சு அரை அடி முன்னால் வந்திருந்தது. திரும்பிப் பார்க்காத மனுஷர் அன்று அடுப்படியில் திரும்பி நின்று தன் மகளை முழுசாகப் பார்த்தார்.

பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல இந்த அடுப்ப தூக்கிப் போடறோம். நெருப்பு அணைஞ்சா தானா மூடிக்கிற அடுப்பு நான் வாங்கித் தரேன். அதுல பேச்சே கெடயாது."

"சரி."

"மாமா இந்த சமையல்கட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"ரொம்ப சரி" என்றார் டிரைவர் அவசரமாக.

"அப்ப நான்…" என்று ஆரம்பித்த என்னை அவள் கையமர்த்தினாள். சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி, என் விசிலை எடுத்து, சட்டையில் துடைத்து, வாயில் வைத்தாள்.

இரண்டு விசில்.

நான் வாழ்நாளில் அப்படி அடித்ததில்லை. அதை நானே ஒப்புக்கொள்கிறேன் என்றால் எப்பேர்ப்பட்ட விசில் என்று பார்த்துக்கொள்ளுங்கள். முனையில் நின்றிருந்த ஒரு பஸ் கிளம்பிவிட்டது, பாதிப் பேர் ஏறாமலே. டிரைவரின் இடது கால் தானாகத் தரையில் ஒரு அழுத்து அழுத்தியது. வலது கை, இல்லாத கியரைத் தள்ளியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடித்தவன் முகம் அது.

"போலாம் ரைட்!" என்று கத்தினேன் நான். அதைச் சொல்வதற்கு யார் அனுமதியும் எனக்குத் தேவையில்லை.

பெட்டி மறுபடி பரணுக்குப் போயிற்று. இன்னொரு மீனும் இருந்தது, என் யோசனைப்படி எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கியது. காற்று நன்றாகப் போய்வந்த பிறகு அதையும் சுட்டார், இந்த முறை மகள் பக்கத்தில் நிற்க. என் வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக்கொண்டோம். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நான் சுட்டதவிட நல்லா இருக்கே" என்றாள். அவள் வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததே இல்லை. அதைக் கேட்டு டிரைவரைவிட எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. யோசித்துப் பாருங்கள். என் தொப்பை மட்டும் சரியான நேரத்தில் சரியான திருகில் சாயாமல் போயிருந்தால், அந்த மனுஷர் இந்நேரம் மேகத்துக்கு நடுவில் உட்கார்ந்து எந்தப் பஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருப்பார்? இதை நான் உரக்கவே சொன்னேன். யாரும் நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை.

டிரைவர் தன் பங்கில் கடைசித் துண்டை எடுத்தார். சாற்றில் நன்றாகப் புரட்டி வாய்க்குக் கொண்டுபோனார்.

பக்கத்து வீட்டம்மா சொன்ன சொல் தவறாதவர். இரட்டை விசில் கேட்ட பிறகுதான் அரிசியை ஊறவைத்து, ஊறியதும் குக்கரை ஏற்றியிருக்கிறார்.

உய்ங்ங்.

ஒரு விசில். டிரைவரின் கை, வாய்க்கு ஒரு விரற்கடை முன்னால், அப்படியே நின்றது.